தேதிக்கு முந்திக்கொண்டு வரும் குளிர்

அமெரிக்காவில் தெற்கு டகோட்டா மாநிலத்தின் மேற்குப் பகுதி முழுக்க மாட்டுப் பண்ணைகள். ஜனவரியில் பூஜ்ஜியத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸ் போவதெல்லாம் அங்கே சகஜம். மாடுகள் அதைத் தாங்கிக்கொண்டு வெட்டவெளியில் நிற்கும். ஆனால் 2013 அக்டோபர் 3 முதல் 5 வரை அடித்த ஒரு புயலில் பல்லாயிரம் மாடுகள் செத்து விழுந்தன. இத்தனைக்கும் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் இருந்தது. முதலில் மழை கொட்டி மாடுகளைத் தொப்பலாக நனைத்தது. அப்புறம் பனி, கூடவே மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொட்ட காற்று. காற்று தள்ளிய பக்கமே நடந்து நடந்து, வேலிகளில் முட்டியும் ஓடைகளில் விழுந்தும் கூட்டம் கூட்டமாக மடிந்தன.

காரணம் எளிது. அது அக்டோபர் முதல் வாரம். மாடுகள் கோடைக்கால மேய்ச்சல் வெளியில்தான் இருந்தன. மறைப்பான பள்ளத்தாக்குகளுக்கு இன்னும் ஓட்டிவரவில்லை. உடம்பில் குளிர்கால ரோமமும் அடர்ந்திருக்கவில்லை. அந்த ரோமம் பகல் நேரம் குறையக் குறைய மெதுவாக வளர்வது. கால்நடை வளர்ப்பவர்களிடம் இதற்கு ஒரு கணக்கு உண்டு. உலர்ந்த, அடர்த்தியான குளிர்கால ரோமம் உள்ள மாடு பூஜ்ஜியத்துக்குக் கீழே 8 டிகிரி வரை கூடுதல் தீனி இல்லாமலே சமாளிக்கும். அதே மாடு கோடை ரோமத்தோடு நனைந்து நின்றால் 15 டிகிரியிலேயே அதற்குக் குளிர ஆரம்பித்துவிடும். மாடு ஒன்றுதான், இடையில் 23 டிகிரி வித்தியாசம்.

குளிர் என்றதும் எல்லோரும் வெப்பமானியைத்தான் பார்க்கிறோம். ஆனால் எத்தனை டிகிரி என்பதோடு எந்த மாதத்தில் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் கணக்கு சரியாக வரும். குளிரை ஒவ்வொரு ஊரும் எப்படிச் சமாளிக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலான ஏற்பாடுகள் ஒரு தேதியை நம்பி நிற்கின்றன. குளிர் அந்தத் தேதிக்கு முன்னால் வந்துவிட்டால் உடம்பு, வீடு, சட்டம், மரம் எல்லாமே ஒரே நேரத்தில் மாட்டிக்கொள்கின்றன.

முதலில் உடம்பு. அக்டோபரில் உடம்பை உதறவைக்கும் 10 டிகிரி, பிப்ரவரி முடிவில் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிடத் தோன்றும் அளவுக்கு இதமாக இருக்கும். இது வெறும் மனப்பிரமை இல்லை. குளிர் பட்டதும் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, ரத்த அழுத்தம் ஏறுகிறது, தசைகள் நடுங்கி வெப்பம் உண்டாக்குகின்றன. நடுங்காமலே வெப்பம் தரும் ஒரு வழியும் உண்டு: பழுப்புக் கொழுப்பு. கைக்குழந்தைகளுக்கு மட்டும்தான் அது இருக்கிறது என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்களுக்கும் இருக்கிறது, வேலையும் செய்கிறது என்பது 2009-இல்தான் உறுதியானது. நெதர்லாந்தில் 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், சிலரைப் பத்து நாள், தினமும் 6 மணி நேரம், 15, 16 டிகிரி அறையில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். பத்து நாள் முடிவில் அவர்களுக்குப் பழுப்புக் கொழுப்பின் வேலை கூடியிருந்தது, நடுக்கம் குறைந்திருந்தது, அதே அறை முன்பு போல அவ்வளவு குளிரவும் இல்லை.

ஆக, உடம்புக்குக் கிட்டத்தட்ட பத்து நாள் அவகாசம் வேண்டும். இலையுதிர் காலம் நிதானமாக இறங்கிவந்தால் அந்த அவகாசம் தானாகக் கிடைத்துவிடும். ஒரே ராத்திரியில் 15 டிகிரி இறங்கினால் கிடைக்காது. வயதானவர்களுக்கு உடம்பு பழகும் வேகமும் குறைவு, குளிர்கிறது என்று உணர்வதே தாமதம். முதல் குளிரலையில் அவர்களைக் கவனிக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

அடுத்த விஷயம் கொஞ்சம் விசித்திரமானது. ஐரோப்பாவில் குளிரால் அதிகம் பாதிக்கப்படுவது குளிர் நாடுகள் இல்லை. 1997-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, தெற்கு ஃபின்லாந்திலிருந்து ஏதென்ஸ் வரை பல பகுதிகளை ஒப்பிட்டது. 18 டிகிரிக்குக் கீழே வெப்பம் ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் ஏதென்ஸில் மரணங்கள் 2.15 சதவீதம் கூடின. தெற்கு ஃபின்லாந்தில் கூடியது 0.27 சதவீதம்தான். ஏன் என்பதற்கான விடையும் அதே ஆய்வில் இருக்கிறது. வெளியே 7 டிகிரி இருக்கும் நாளில் ஃபின்லாந்துக்காரர்களில் 72 சதவீதம் பேர் தொப்பி போட்டுக்கொண்டு வெளியே போகிறார்கள். ஏதென்ஸில் 13 சதவீதம் பேர். அதே 7 டிகிரியில் ஃபின்லாந்து வீட்டுக் கூடத்தில் 21.7 டிகிரி, ஏதென்ஸ் வீட்டுக் கூடத்தில் 19.2.

தொப்பி என்பது சின்ன விஷயம்தான். ஆனால் அந்த 72 சதவீதத்துக்குப் பின்னால் ஒரு பழக்கம் இருக்கிறது. ஃபின்லாந்தில் 7 டிகிரி என்றால் குளிர்காலம் வாசலுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். கம்பளி, கையுறை எல்லாம் அலமாரியின் முன்வரிசைக்கு வந்திருக்கும். ஏதென்ஸில் 7 டிகிரி என்பது ‘நாலு நாளில் சரியாகிவிடும்’ ரகம். போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் இதே கதை. கோடையைத் துரத்துவதற்காகக் கட்டிய வீடுகள், கல் தரை, மெல்லிய ஜன்னல், ஓர் அறையில் மட்டும் ஹீட்டர். போர்ச்சுகல் ஐரோப்பாவில் குளிர்கால மரணங்கள் அதிகம் கூடும் நாடுகளில் ஒன்றாகத் திரும்பத் திரும்ப வருவதில் ஆச்சரியமில்லை. மறுகோடியில் சைபீரியாவின் யாகுட்ஸ்க். அங்கே நடந்த ஆய்வில், பூஜ்ஜியத்துக்குக் கீழே 48 டிகிரி வரை இறங்கியும் மாரடைப்பு மரணங்கள் கூடவில்லை. அடுக்கடுக்கான உடை, அதன்மேல் விலங்கு ரோமக் கோட்டு, கதகதப்பான வீடு, தேவையில்லாமல் வெளியே நிற்பதில்லை என்ற ஒழுங்கு. அவ்வளவுதான் அவர்களுடைய ரகசியம்.

ஜப்பானிலும் இதைப் பார்க்கலாம். வடகோடியில் உள்ள ஹொக்கைடோ தீவுதான் அந்த நாட்டில் மிகக் குளிரான பகுதி. குளிர்காலத்தில் மரணங்கள் கூடும் விகிதமோ அங்கேதான் மிகக் குறைவு. தடித்த சுவர், இரட்டை ஜன்னல், வீடு முழுக்கச் சூடு. தெற்கே போகப் போக ஓர் அறையை மட்டும் சூடாக்கிக்கொண்டு, மேஜைக்கு அடியில் ஹீட்டரும் மேலே மெத்தைத் துணியுமாக உள்ள ‘கொட்டாட்சு’வுக்குள் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வார்கள். உட்கார்ந்திருக்கும்வரை சொர்க்கம். எழுந்து, சில்லென்ற நடைவழியில் நடந்து, உடை மாற்றிக் கொதிக்கும் குளியல் தொட்டியில் இறங்கும்போது ரத்த அழுத்தம் ஏறி இறங்குகிறது. குளிர்காலத்தில் முதியவர்கள் குளியலறையில் இறப்பது அங்கே ஒரு பெரிய பொதுச் சுகாதாரப் பிரச்சினை.

வீட்டைச் சூடாக்குவது தனி மனிதர் கையில் இல்லாத இடங்களும் நிறைய. ரஷ்ய நகரங்களில் ஊருக்கே பொதுவான கொதிகலன் நிலையங்களிலிருந்து குழாய் வழியாக வெந்நீர் வீடுவீடாக வருகிறது. அதை எப்போது திறப்பது? ஒரு நாளின் சராசரி வெப்பநிலை தொடர்ந்து 5 நாள் 8 டிகிரிக்குக் கீழே இருந்தால் திறக்கலாம் என்பது விதி. யோசித்துப் பார்த்தால் நியாயமான விதிதான், தேதியைப் பார்க்காமல் வானத்தைப் பார்க்கிறது. ஆனால் அந்த 5 நாளும், உத்தரவு வந்து குழாய்களில் வெந்நீர் ஓடும் வரைக்குமான இன்னும் சில நாளும் இருக்கின்றனவே! செப்டம்பர் கடைசியில், அந்த வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்க வேண்டிய ரேடியேட்டர் பிணம்போல் ஜில்லிட்டுக் கிடக்க, ஸ்வெட்டரும் காலுறையும் போட்டுக்கொண்டு போர்வைக்குள் சுருண்டிருப்பதுதான் ரஷ்ய அடுக்குமாடிவாசிகளுக்கு வருடத்திலேயே எரிச்சலான காலம். ஜனவரியில் வெளியே மைனஸ் 25 இருக்கும்போது உள்ளே பனியனோடு உலாவுவார்கள், சூடு தாங்காமல் ஜன்னலைத் திறந்துவைப்பார்கள்.

சீனா தேதியைப் பிடித்துக்கொண்ட நாடு. பெய்ஜிங்கில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை பொது வெப்ப விநியோகம். 2009-இல் நவம்பர் முதல் தேதியே பனி பெய்துவிட, இரண்டு வாரம் முன்கூட்டியே கொதிகலன்களை மூட்ட வேண்டியதாயிற்று. முன்கூட்டித் தொடங்க இப்போது வழி இருக்கிறது. வானிலையைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். இதைவிடப் பெரிய சிக்கல் வரைபடத்தில் இருக்கிறது. 1950-களில் எரிபொருள் தட்டுப்பாடு இருந்தபோது, சின்லிங் மலைத்தொடரையும் ஹுவாய் ஆற்றையும் எல்லையாக வைத்து, அதற்கு வடக்கே மட்டும் பொது வெப்ப விநியோகம் என்று முடிவெடுத்தார்கள். கோட்டுக்குத் தெற்கே இருக்கும் ஷாங்காய், வூஹான் நகரங்களில் ஜனவரிச் சராசரி 5 டிகிரியை ஒட்டியே இருக்கும், அதுவும் ஈரக் குளிர். வீட்டுக்குள் கோட்டைக் கழற்றாமல் சாப்பிடுவது அங்கே வழக்கம். ஆனால் வடக்கத்திக்காரர்களுக்குக் கிடைத்ததும் முழு அதிர்ஷ்டம் இல்லை. அந்தச் சூடு நிலக்கரியில் வந்தது. அந்தக் கோட்டுக்கு வடக்கே காற்று மாசு காரணமாகச் சராசரி ஆயுள் 3 வருடம் குறைந்திருக்கிறது என்று 2017-இல் வந்த ஆய்வு கணக்கிட்டது.

நியூயார்க் நகரம் தேதி, வானிலை இரண்டையும் கலந்து வைத்திருக்கிறது. அக்டோபர் 1 முதல் மே 31 வரை, பகலில் வெளியே சுமார் 13 டிகிரிக்குக் கீழே போனால், வாடகை வீட்டுக்குள் குறைந்தது 20 டிகிரி இருக்கும்படி வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டும். ராத்திரியில் வெளியே எப்படி இருந்தாலும் உள்ளே 17 டிகிரி அளவுக்கு வேண்டும். குளிர் அடித்தால் குடியிருப்பவர் நகராட்சிக்குப் புகார் கொடுக்கலாம். குளிரை வாடகைதாரரின் உரிமைப் பிரச்சினையாகப் பார்க்கும் இந்தக் கோணம் எனக்குப் பிடித்திருக்கிறது. பிரிட்டனில், ஸ்காட்லாந்து நீங்கலாக, ஏழைக் குடும்பங்களுக்குக் குளிர்காலப் பண உதவி ஒன்று உண்டு: சராசரி வெப்பநிலை தொடர்ந்து 7 நாள் பூஜ்ஜியம் அல்லது அதற்குக் கீழே இருந்தால் 25 பவுண்டு. ஆனால் நவம்பர் 1-க்கும் மார்ச் 31-க்கும் இடையில் மட்டும். அக்டோபர் கடைசியில் விறைத்தால் அதற்குக் காசு கிடையாது. பிரான்சில் குளிர்காலத்தில் வாடகை பாக்கிக்காக யாரையும் வீட்டைவிட்டு வெளியேற்றக்கூடாது. அந்தப் பாதுகாப்பும் நவம்பர் 1-இல்தான் தொடங்குகிறது. சட்டம் எழுத ஒரு தேதி தேவைதான், புரிகிறது. ஆனால் குளிர் அரசிதழ் படிப்பதில்லையே.

இதில் ஃபின்லாந்து செய்த திருத்தம் கவனிக்க வேண்டியது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கார்களுக்குக் குளிர்கால டயர் கட்டாயம் என்றிருந்தது. 2020-இல் அதை மாற்றி, நவம்பர் முதல் மார்ச் வரை வானிலையோ சாலையின் நிலையோ கேட்கும்போதெல்லாம் கட்டாயம் என்றார்கள். ஜெர்மனியும் தேதி குறிக்கவில்லை. சாலையில் பனியோ ஐஸோ இருந்தால் கட்டாயம். கனடாவின் கியூபெக் மாகாணம் டிசம்பர் 1 என்று வைத்திருக்கிறது. சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழேயே இறுக ஆரம்பித்துவிடுவதால், பனி விழும்வரை காத்திருப்பவர்கள் அந்த முதல் நாள் காலையில்தான் சறுக்கி முட்டிக்கொள்கிறார்கள்.

மரங்களுக்கும் இதே கதிதான். 2006 அக்டோபர் 12, 13 தேதிகளில் அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் அரை மீட்டருக்கு மேல் பனி கொட்டியது. பனிக்குப் பேர்போன ஊர். ஜனவரியில் அந்த அளவு விழுந்தால் துடைப்பதற்கு ஆளை அனுப்பிவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். அக்டோபரில் மரங்களில் இலை உதிரவில்லை. மொட்டைக் கிளையில் தங்காத பனி, இலையுள்ள கிளையில் மூட்டை மூட்டையாகத் தங்கியது. கிளைகள் முறிந்து மின்கம்பிகள்மேல் விழ, லட்சக்கணக்கான வீடுகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. குளிர் காலத்தில் மின்சாரம் போனால் ஹீட்டரும் போச்சு. 2018 நவம்பர் 3 அன்றும் 2019 நவம்பர் 7 அன்றும் காஷ்மீரில் நடந்தது இதேதான். ஆப்பிள் மரங்களில் இலை இருந்தது, சில தோட்டங்களில் பழமும் இருந்தது. ஈரப் பனியின் கனம் தாங்காமல் வருடக்கணக்காக வளர்த்த மரங்கள் நடுவில் பிளந்துகொண்டன.

காஷ்மீரின் பாரம்பரிய ஏற்பாடுகளைப் பார்த்தால் குளிரை எவ்வளவு முன்கூட்டியே நினைக்கிறார்கள் என்று தெரியும். இலையுதிர் காலத்தில் சினார் மரங்களின் சருகைக் குவித்துக் கொளுத்தி, எரிந்து முடிவதற்குள் தண்ணீர் தெளித்து அணைத்துக் கரியாக்கி மூட்டை கட்டி வைத்துக்கொள்வார்கள். கத்தரிக்காய், சுரைக்காய், தக்காளி எல்லாவற்றையும் நறுக்கிக் கயிற்றில் கோத்து வெயிலில் காயப்போடுவார்கள். பனியில் சாலை அடைபட்டால் அதுதான் குழம்பு. டிசம்பர் 21-இல் தொடங்கும் கடுங்குளிரின் 40 நாளுக்கான தயாரிப்பு இதெல்லாம். அன்றாடத் துணை காங்கிரி. பிரம்புபோல் வளையும் மெல்லிய வில்லோ குச்சியால் பின்னிய கூடைக்குள் ஒரு மண்சட்டி, அதில் சாம்பல் மூடிய தணல். தொளதொளவென்று முழங்கால் வரை தொங்கும் ‘பெரான்’ அங்கிக்குள் அதை வைத்துக்கொண்டு, கைகளையும் உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பார்கள். மணிக்கணக்கில் சூடு தரக் கொஞ்சம் கரி போதும். அறையைச் சூடாக்காமல் ஆளை மட்டும் சூடாக்கும் சிக்கனம் அது.

ஆனால் இதைப் பழமையின் ஞானம் என்று புகழ்ந்துவிட்டுப் போக முடியாது. தொடையிலும் வயிற்றிலும் வருடக்கணக்காகச் சூடு படுவதால் வரும் ஒரு தோல் புற்றுநோயை மருத்துவர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே கண்டு எழுதியிருக்கிறார்கள். மருத்துவ நூல்களில் அதற்குக் காங்கிரிப் புற்றுநோய் என்றே பெயர். மூடிய அறையில் கரியை எரியவிட்டுத் தூங்கினால் கார்பன் மோனாக்சைடு வேறு. அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, மயக்கம், அப்புறம் எழுந்திருப்பதே இல்லை. இது ஓர் ஊரின் பிரச்சினையும் இல்லை. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் மின்சாரம் போனபோது, கேரேஜில் காரை ஓடவிட்டும் கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தும் பலர் இப்படித்தான் விஷவாயுவில் மாட்டினார்கள். குளிர் பழகாத இடத்தில் திடீர்க் குளிர் வந்தால் குளிரைவிட அதை விரட்டக் கையில் எடுப்பது ஆபத்தாகிவிடுகிறது. கரி, விறகு, பெட்ரோல், கேஸ் எதை எரித்தாலும் புகை வெளியே போக வழி வேண்டும். தூங்கும் முன் அணைத்துவிட வேண்டும்.

வெப்ப மண்டலத்தில் ‘குளிர்’ என்பதன் எல்லையே வேறு. இந்திய வானிலைத் துறையின் கணக்கில் சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரிக்கு இறங்கி, அது வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது குறைவாக இருந்தால் குளிரலை. மலைப் பகுதியில் அந்த 10 பூஜ்ஜியமாகிறது. கடலோரத்தில் 15 டிகிரியே போதும். ஹாங்காங்கில் 12 டிகிரி அளவுக்கு இறங்கினாலே எச்சரிக்கை வெளியிட்டு, போக்கிடம் இல்லாதவர்களுக்குத் தங்குமிடங்களைத் திறந்துவிடுகிறார்கள். வடதேசத்துக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் ஹீட்டர் இல்லாத வீடு, ஒரே ஒரு மெல்லிய போர்வை, நடைபாதைத் தூக்கம் என்று இருப்பவருக்கு 12 டிகிரியும் ஆளைக் கொல்லும். ஈரமும் காற்றும் சேர்ந்தால் 10 டிகிரியில்கூட உடம்பு விறைத்துப்போகும். உள்ளூர் வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்க்கும் இந்த முறைதான் சரி என்று நினைக்கிறேன். 2015-இல் லான்செட்டில் வந்த பெரிய ஆய்வு, 13 நாடுகளில் 7 கோடியே 40 லட்சம் மரணங்களை அலசி, அதில் 7.29 சதவீதத்தைக் குளிரோடு தொடர்புபடுத்தியது; வெயிலுக்குச் சேர்ந்தது 0.42 சதவீதம். குளிர் மரணங்களிலும் மிகப் பெரும்பகுதி கடுங்குளிர் நாட்களில் நடந்தவை அல்ல. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத மிதமான குளிர் நாட்களில் நடந்தவை.

மங்கோலியாவின் மேய்ப்பர்களுக்கு முன்கூட்டியே வரும் பனி இன்னொரு வகையில் எமன். இலையுதிர் காலத்தில் விழுந்த பனி ஒரு வெயிலில் உருகி மறுபடி உறைந்தால், புல்லின்மேல் கண்ணாடிபோல் ஐஸ் படிந்துவிடும். ஆட்டின் குளம்பால் அதை உடைக்க முடியாது. கண்ணுக்கெதிரே புல் இருக்கும், மாதக்கணக்கில் வாய்க்கு எட்டாது. புல்லும் கிடைக்காமல் குளிரும் தாக்கி மந்தைகள் மடியும் இந்தப் பேரிடரை ‘சூத்’ என்கிறார்கள். 2009-10 சூத்தில் நாட்டின் கால்நடைகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு அருகில் அழிந்தது. மந்தையை இழந்த குடும்பங்கள் தலைநகர் உலான்பாத்தரின் விளிம்பில் கூடாரம் போட்டன, அங்கே நிலக்கரியை எரித்துக் குளிர்காய்ந்தன, நகரத்தின் காற்று இன்னும் கெட்டது.

பூமி சூடாகிக்கொண்டிருக்கும்போது முன்கூட்டிய குளிரைப் பற்றி ஏன் கவலை என்று கேட்கலாம். பல இடங்களில் முதல் உறைபனி விழும் நாள் தள்ளிப்போய்க்கொண்டிருப்பது உண்மைதான். ஆனால் இலையுதிர் காலம் நீண்டு வெதுவெதுப்பாக இருந்தால், மரமும் மிருகமும் மனிதரும் அவ்வளவு நாள் இளகியே இருக்கிறார்கள். அப்போது எப்போதாவது இறங்கும் ஒரு குளிரலை முன்பைவிடக் கடுமையாகத் தாக்குகிறது.

1940 நவம்பர் 11 அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் அப்படித்தான் விடிந்தது. விடுமுறை நாள், இதமான காலை. மிசிசிப்பி ஆற்றங்கரைக்கு வாத்து வேட்டைக்குப் போனவர்கள் மெல்லிய சட்டையோடு படகு ஏறினார்கள். மதியத்துக்குள் காற்று திரும்பி, மழை பனியாகி, ஒரே நாளில் 25 டிகிரிக்கு மேல் இறங்கியது. அந்தப் புயலில் இறந்த ஏறக்குறைய 150 பேரில் ஆற்றுத் தீவுகளில் மாட்டிக்கொண்ட வேட்டைக்காரர்கள் நிறைய. வானிலை அலுவலகம் புயலின் கடுமையைச் சரியாகச் சொல்லவில்லை என்று பெரும் கண்டனம் எழுந்தது. அதன் பிறகு அந்த வட்டாரத்தில் 24 மணி நேரமும் கணிப்பு வேலை நடக்க ஏற்பாடு செய்தார்கள். அதே பகுதியில் உள்ள அயோவா மாநிலம் அப்போது ஆப்பிளுக்குப் பெயர் வாங்கிய இடம். குளிருக்கு இறுகாமல் நின்ற மரங்கள் அந்த ஒரு நாளில் பட்டுப்போயின. புதுக் கன்று நட்டால் காய்க்க வருடங்கள் ஆகும். மக்காச்சோளமும் சோயாவும் அடுத்த வருடமே காசாகும். விவசாயிகள் கணக்குப் போட்டுப் பார்த்து, பட்ட மரங்களை வெட்டிவிட்டுச் சோளம் விதைத்தார்கள்.